சிங்களத்தில் கேட்ட பௌதிகவியல்

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க நினைப்பவர்கள் பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏற வேண்டும். நோர்வூட்டில் இறங்கினால் கலைப்பிரிவோ வர்த்தகமோ படிக்கலாம். இறங்காமல் ஹட்டன் வரை போனால் கணிதமும் விஞ்ஞானமும் உண்டு, இடம் கிடைத்தால். பஸ்ஸில் ஏறாதவர்களைக் கொழும்பிலுள்ள கடைகளும் வீடுகளும் எடுத்துக்கொள்ளும்.

நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்திருந்தேன். எங்கள் பாடசாலையில் அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. பெறுபேறு வந்த அன்று பின்னேரம் அதிபர் வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். அம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, வேலைக்கு இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதிபருக்கு ஒரே சந்தோஷம். தேநீர் குடித்தபடி, என்னை நோர்வூட்டில் கலைப்பிரிவில் சேர்த்துவிடும்படி அம்மாவிடம் சொன்னார். கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைவது நிச்சயம், ஆசிரிய உதவியாளர் நியமனம் வந்தால் முதலில் கூப்பிடுவார்கள், வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"கணிதத்துலதானே சேர் ஏ எடுத்தேன்" என்றேன் நான், வாசற்படியில் நின்றுகொண்டு.

அவர் கோபப்படவில்லை. "மெத்ஸ் எடுத்து மூணும் பெயிலாகி வீட்டுல இருக்கிற புள்ளைங்கள நான் பாத்துருக்கேன் மகள். அதான் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படி ஒருவர் எங்கள் அடுத்த லயத்திலேயே இருந்தார். நாள் முழுவதும் வாசலில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அண்ணனைத் தோட்டமே உதாரணம் காட்டியது. ஆனாலும் அன்று எனக்கு உட்கார முடியவில்லை. அதிபர் போன பிறகு தண்ணீர்க் குழாய் வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தது என்று அம்மா என்னைப் பற்றிச் சொல்வது வழக்கம். அன்றும் சொன்னார்.

அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்கிறார். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவார். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது பின்னால் கொத்து ரொட்டி வெட்டும் சத்தம் கேட்டது. பிள்ளையின் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டார். அப்பாவின் அந்த அரைவாசிச் சம்மதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஹட்டனுக்குப் போனேன்.

இடம் எளிதில் கிடைக்கவில்லை. முதலில் தங்கள் மாணவர்களுக்குத்தான் என்றார்கள். பிறகு வரச் சொன்னார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் அரைநாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். கண்டிப் பாடசாலைகளில் இடம் கிடைத்த சிலர் விலகிப் போனதால் கடைசியில் ஒரு நாற்காலி காலியானது. கணிதப் பிரிவுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து போன முதல் பெண் நான் என்று சொன்னார்கள். எனக்கு அதில் பெருமையைவிடப் பதற்றம்தான் அதிகம்.

வகுப்பில் நாங்கள் ஒரு சிறு கூட்டம். இணைந்த கணிதத்துக்கு ஆசிரியை இருந்தார், இரசாயனவியலுக்கும் இருந்தார். பௌதிகவியலுக்கு வடக்கிலிருந்து முதல் நியமனத்தில் வந்த ஓர் இளம் சேர். ஹட்டன் குளிருக்கு அவர் எப்போதும் காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். அருமையாகப் படிப்பித்தார். ஒரு பந்தை எறிந்தால் அது ஏன் அந்த வளைவில்தான் விழுகிறது என்பதை அவர் சொன்ன அன்று, பஸ்ஸில் வரும்போது கண்ணில் பட்டதெல்லாம் எனக்கு வளைந்து வளைந்து விழுந்துகொண்டிருந்தது.

இரண்டாம் தவணை தொடங்கும்போது அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. ஊரில் அவருடைய அம்மா தனியாக இருந்தார். எழுதி எழுதிக் கேட்டு வாங்கிய இடமாற்றம். அவரை எப்படிக் குறை சொல்வது? கடைசிப் பாடத்தில் மணி அடிக்கும்வரை ஒரு கணக்கைச் செய்துகொண்டிருந்தார். பாதியில் நின்ற கணக்கைப் பார்த்து, "அடுத்து வாறவர் முடிச்சுத் தருவார்" என்றார். அடுத்து யாரும் வரவில்லை.

பௌதிகவியல் பாடவேளைகள் சும்மா கழிந்தன. முதல் வாரம் எங்களுக்கு அது கொண்டாட்டமாகக்கூட இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் குறையத் தொடங்கினார்கள். சிலர் கலைப்பிரிவுக்கு மாறினார்கள், சிலர் தொழில்நுட்பத்துக்கு. என்னைவிட வேகமாகக் கணக்குச் செய்யக்கூடிய ஒரு பையன் வெள்ளவத்தையில் மாமாவின் தொலைபேசிக் கடைக்குப் போய்விட்டான். அவனுடைய நாற்காலியில் நாங்கள் குடைகளை வைத்தோம்.

பெற்றோர்கள் சேர்ந்து கேட்டால் ஏதாவது நடக்கலாம் என்று யாரோ சொல்ல, பாடசாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கொழுந்து அதிகமாக இருந்த காலம். வேலையை விட்டுவிட்டு வருவது எல்லோராலும் முடியாது. அம்மா வந்தார். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் உடுப்பை மாற்றிச் சேலை கட்டியிருந்தாலும் கைவிரல்களில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. கூட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். பௌதிகவியலுக்கு ஆசிரியர் பற்றாக்குறை, மேலே அறிவித்திருக்கிறோம், அடுத்த நியமனத்தில் முதலிடம் உங்களுக்குத்தான் என்று நிதானமாக விளக்கினார். பெற்றோர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து நின்றார். அவர் இப்படியான இடங்களில் பேசி நான் பார்த்ததில்லை.

"ஐயா, வாத்தியார் வர்ற வரைக்கும் இந்தப் புள்ளைங்களுக்குப் பரீச்சையத் தள்ளிப் போடுவீங்களாங்க?"

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படி ஒரு வழி இருக்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டார். அப்படிச் செய்ய முடியாது என்றார் அதிகாரி. "அப்ப சரிங்க" என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என்னிடம், கலைப்பிரிவுக்கு மாற இப்போதும் நேரமிருக்கிறது என்பதை மட்டும் சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாறவில்லை. பந்து ஏன் வளைகிறது என்பதைப் பாதி தெரிந்துகொண்டு, மீதியை விட்டுவிட்டு வேறெதையோ மனப்பாடம் செய்ய என்னால் முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

எல்லாம் தொலைபேசியில் இருக்கிறதே என்று பலர் சொன்னார்கள். இருந்ததுதான். யாழ்ப்பாணத்திலிருந்து தமிழில் நடந்த இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே, பழைய ஸ்டோருக்குப் பக்கத்திலிருக்கும் பாறையில் ஏறினால் கிடைக்கும். தோட்டத்தில் வெளிநாட்டுக்குப் பேச வேண்டியவர்கள், கொழும்புக்குப் பேச வேண்டியவர்கள் எல்லோரும் அந்தப் பாறையில்தான் நிற்பார்கள். ஒரு பக்கம் ஓர் அக்கா சவூதியிலிருக்கும் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். மறுபக்கம் நான் காதுக்குள் காதொலிப்பானைத் திணித்துக்கொண்டு மின்புலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன். மழை வந்தால் எல்லோரும் கலைந்து ஓடுவோம். எங்கள் பக்கத்தில் மழை வராத பின்னேரங்கள் குறைவு. ஒரு மாதத்தில் அந்த முயற்சி தானாக நின்றுபோனது.

அப்போது என் வகுப்புத் தோழிதான் ஒரு யோசனை சொன்னாள். அவள் நோர்வூட் கடைவீதிப் பெண். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே இரும்புச் சாமான் கடை இருக்கிறது. காலையில் நான் என் தோட்டத்தில் ஏறி அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைப்பேன். நோர்வூட்டில் அவள் ஏறுவாள். பாலம் கட்டும் இன்ஜினியராவதுதான் அவளுடைய ஆசை. வாப்பாவின் கடையில் சிறுவயதிலிருந்தே நின்றதால் அவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கோ பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லவும் மருந்தகத்தில் மாத்திரை கேட்கவும் போதுமான சிங்களம்தான்.

ஹட்டன் நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் சிங்கள மொழியில் பௌதிகவியல் வகுப்பு நடந்தது. அங்கே போவோம் என்றாள். அவள் கேட்டுத் தமிழில் சொல்வாள், நான் கணக்கைப் பிடித்துக்கொள்வேன், பிறகு அவளுக்கு விளங்கப்படுத்துவேன். கேட்கும்போது மிக நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது.

முதல் சனிக்கிழமை கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தோம். சேர் மோட்டார் சைக்கிளில் வந்தவர் தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் எழுதத் தொடங்கினார். ஒரே நாளில் மூன்று ஊர்களில் வகுப்பு நடத்துகிறவராம். பேச்சும் அந்த வேகத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் விளங்கியதா என்பதற்கு "தேருணாத?" என்று கேட்பார். எல்லோரும் ஒரே குரலில் விளங்கியது என்பார்கள். நான் தோழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்னத்தயோ செல்றாரு. எனக்கே வெளங்கல்ல" என்றாள் காதுக்குள். "கடையில ஆணி, பெயிண்ட், தகரம் எல்லாம் ஈக்கி. துவரணயனு ஒண்ண நாங்க விக்கல்லயே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பலகையைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அவர் எழுதிய சமன்பாட்டின் எழுத்துகள் எங்கள் புத்தகத்தில் இருப்பவையேதான். விசை ஒரு பக்கம், மறுபக்கம் திணிவு, அதற்குப் பக்கத்தில் இருப்பது வேகம் கூடும் வீதமான ஆர்முடுகலாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் துவரணய என்றால் ஆர்முடுகல். அவளிடம் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு அவள் அடுத்த இரண்டு வாக்கியங்களைத் தமிழில் சொன்னாள். அதை வைத்து நான் இன்னொரு சொல்லைக் கண்டுபிடித்தேன். சொல்லிலிருந்து கணக்குக்கும் கணக்கிலிருந்து சொல்லுக்குமாக இரண்டு பேரும் முட்டி மோதி முன்னேறினோம்.

மூன்று நான்கு வாரங்கள் எங்கள் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்ட சேர் ஒருநாள் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் என்ன சந்தை என்று கேட்டார். வகுப்பு முழுவதும் எங்களைப் பார்த்தது. என் தோழி எழுந்து, எங்கள் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, எனக்குச் சிங்களம் போதாது, அதனால் அவள் தமிழில் சொல்கிறாள் என்று தெளிவாகச் சொன்னாள். சேர் என்னைப் பார்த்து நேராகக் கேட்டார், பரீட்சையை எந்த மொழியில் எழுதப் போகிறாய் என்று. தமிழில் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மொழியில் வகுப்பு நடத்தத் தனக்கு நேரமில்லை, ஆனால் புதிய சொல் வரும்போது அதன் ஆங்கிலத்தைப் பக்கத்தில் எழுதுகிறேன், மற்றதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றார். சொன்னபடி செய்தார். எங்கள் தமிழ்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஆங்கிலச் சொற்களும் அவற்றுக்கான தமிழும் இருந்தன. அதற்குப் பிறகு முணுமுணுப்பு பாதியாகக் குறைந்தது.

அந்தச் சனிக்கிழமைகளில் எனக்கு ஒரு விதமான வெறி பிடித்திருந்தது என்று சொல்லலாம். வகுப்பு முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதும் இருவரும் பேசிக்கொண்டே இருப்போம். பஸ்ஸில் இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வரும்போதும் பேசுவோம்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை அவள் நோர்வூட்டில் ஏறி, பிடித்து வைத்த இடத்தில் உட்காராமல் பக்கத்தில் நின்றாள். வாப்பா அவளைக் கண்டியில் மாமியின் வீட்டில் விட்டுப் படிப்பிக்க முடிவு செய்துவிட்டார். அங்கே ஒரு பெண்கள் பாடசாலையில் எல்லாப் பாடத்துக்கும் தமிழிலேயே ஆசிரியர்கள் இருந்தார்கள்.

"நீயும் வந்தா நல்லம்" என்றாள்.

வர முடியாது என்பது அவளுக்கே தெரியும். கண்டியில் எனக்கு மாமி யாரும் இல்லை. எப்போது போகிறாய் என்று மட்டும் கேட்டேன். அந்த வாரமே போனாள். அவள்மீது எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. கண்டியிலிருந்து அவள் குரல் பதிவுகள் அனுப்பினாள். அன்றைய பாடத்தைத் தமிழில் அழகாகச் சொல்லியிருப்பாள். பாறைக்குப் போய் இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் அம்மா சமைக்கும்போது கேட்பேன். சில மாதங்களில் அவை குறைந்தன. அவளுக்கும் அங்கே படிக்க நிறைய இருந்தது.

தனியாகப் போன முதல் சனிக்கிழமை மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே துணிக்கடையில் பண்டிகைச் சனம். திரும்பிப் போய்விட்டால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். மேலே சேர் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது. ஏறினேன்.

அன்று என் பக்கத்தில் கினிகத்தேனைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு கணக்கை முடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, என் கொப்பியில் ஒரு வரியைத் தொட்டு, இது எப்படி என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பென்சிலை வாங்கி ஒவ்வொரு படியாகச் செய்து காட்டினேன். அடுத்த வாரமும் அவள் அதே இடத்தில் உட்கார்ந்தாள். சேர் சொல்வதில் நான் தவறவிட்டதை அவள் மெதுவாகத் திருப்பிச் சொல்வாள், எளிய சிங்களத்தில், கைகளால் காட்டி. நான் கணக்கைக் காட்டுவேன். எங்களுக்குள் பௌதிகவியலைத் தவிர வேறு பேச்சு அதிகம் இல்லை. அவளுடைய வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருட முடிவில் சேரின் கேலிகள் எனக்கு விளங்கின. மற்றவர்கள் சிரிக்கும் அதே நேரத்தில் நானும் சிரித்தேன்.

உயர்தரப் பரீட்சையின் பௌதிகவியல் தாளில் ஒரு விடையை எழுதிக்கொண்டு போனபோது ஏதோ இடறியது. நிறுத்திப் பார்த்தேன். தமிழ் எழுத்தில் துவரணய என்று எழுதியிருக்கிறேன். வெட்டிவிட்டு ஆர்முடுகல் என்று எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட்டேன். உந்தம் தமிழ்தானா? சடத்துவம்? நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசிக் கேள்வியை முடிக்க முடியவில்லை.

கணிதத்துக்கு பி, மற்ற இரண்டுக்கும் சி. எங்கள் வகுப்பில் மிஞ்சியிருந்தவர்களில் சிலர் பௌதிகவியலில் சித்தியடையவே இல்லை. அதிபர் சொன்ன கதை அவர்களுக்கு நடந்தது. பொறியியலுக்கு எங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி குறைவுதான், அதற்கும் என் புள்ளி எட்டவில்லை. என் தோழிக்குப் பொறியியல் கிடைத்தது. தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். அது வரச் சில மாதங்கள் ஆயின.

நம் நாட்டில் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வரும்வரை காத்திருப்பதே ஒரு படிப்பு. அந்தக் காலத்தில் லயத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தாதியர் பயிற்சிக்குப் போடு என்றார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் சேர் என்றார்கள். கொரிய மொழி படித்தால் அங்கே வேலைக்குப் பறந்துவிடலாம் என்றார் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. இன்னொரு தடவை பரீட்சை எழுது என்றாள் தோழி. நான் எல்லாவற்றையும் கேட்டேன். ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுவதும் நம்பினேன். மறுநாள் விட்டேன். வீட்டுக்குள் நான் நடக்கும் நடையில் அம்மாவுக்குத் தலை சுற்றியது.

கல்வியியற் கல்லூரிதான் முதலில் கூப்பிட்டது. கணித ஆசிரியைப் பயிற்சி. நேர்முகத் தேர்வில் தெரிவாகிவிட்டேன் என்ற செய்தியைக் கேட்ட அன்று அம்மா மலையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சீருடைக்கு வெள்ளைச் சேலைகள் வாங்கி, விடுதியில் போய்ச் சேர்ந்தேன். நல்ல இடம்தான். உடன் இருந்தவர்கள் அன்பானவர்கள். மூன்று வருடத்தில் ஆசிரியையாக வெளியே வரலாம். ஆனால் எதிர்காலம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது எனக்கு மூச்சை முட்டியது. எந்தப் பாடசாலை, எந்தப் பஸ், எந்த வகுப்பு என்று எல்லாம் தெரிந்தது. காலையில் அணிவகுப்பில் நிற்கும்போது கால் தானாக அசையும். பொறுப்பாசிரியை இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார்.

சில வாரங்களில் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானத்துக்கு நான் தெரிவான செய்தி வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் பாறையில் நின்று கேட்டார்.

"கையில இருக்கிறத விட்டுட்டு எங்க புள்ள ஓடுற" என்றார். பிறகு, "அங்க படிச்சா என்னா வேல?"

"தெரியலம்மா."

"தெரியாமத்தான் போறியா?"

"ஆமாம்மா."

தொலைபேசியை வைத்துவிட்டார். வெள்ளைச் சேலைகளோடு நான் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் சரியாகப் பேசவில்லை. சோறு போட்டார், துணி துவைத்துத் தந்தார், பேச்சு மட்டும் இல்லை. புறப்படும் நாளன்று வேலைக்குப் போகாமல் என்னோடு ஹட்டன் வரை வந்தார். பையைத் தானே தூக்கி பஸ்ஸில் வைத்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று, "வெயில்ல நிக்காத, ஒனக்குப் பழக்கமில்ல" என்றார்.

வெயிலைப் பற்றி அம்மா சொன்னது சரி. முதல் மாதம் முழுவதும் தலைவலியோடு இருந்தேன். பல்கலைக்கழகத்தில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் என்பது போன பிறகுதான் முழுமையாக உறைத்தது. முதல் விரிவுரை முடிந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் அழுதாள். ஊரில் சிறந்த மாணவி அவள். ஒன்றுமே விளங்கவில்லையே என்றாள். எனக்கும் பேச்சு விளங்கவில்லை. ஆனால் பலகையில் இருந்தது விளங்கியது. தெரியாத மொழியில் பௌதிகவியல் கேட்பது எனக்குப் புதிதில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சமன்பாட்டிலிருந்து சொல்லுக்குப் போகத் தொடங்கினோம். இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கிறோம்.

இந்த வருடம் முடிந்ததும் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம். அல்லது இன்னொரு வருடம் இருந்து சிறப்புப் பட்டம் செய்யலாம். போனால் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கலாம். இருந்தால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. போன விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, இன்னொரு வருடம் இருக்கப் போகிறேன் என்றேன். அம்மாவுக்கு முழங்காலில் நோவு. ஏற்றத்தில் ஏறுவது கஷ்டமாகிவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். அந்த வருடம் முடிந்ததும் என்ன என்று கேட்கவில்லை. "அப்ப ஒரு வருஷம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த விடுமுறையில்தான் மேல் லயத்து அக்கா ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகளுக்கு அந்தமுறை சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. கணிதத்துக்கு ஏ. அக்கா எங்கள் வீட்டு வாங்கின் நுனியில் உட்கார்ந்து, "நீ சொல்லும்மா. இவள ஹட்டனுக்கு அனுப்பவா?" என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்திருக்க வேண்டும். அனுப்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பரீட்சையில் சித்தியடையாத என் வகுப்புப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அனுப்பாதீர்கள் என்று சொல்லவும் விரும்பவில்லை. அதனால் நடந்ததையெல்லாம் அந்தப் பெண்ணிடம் வரிசையாகச் சொன்னேன், இடம் கேட்டு அலைந்தது, சேர் போனது, சனிக்கிழமை வகுப்பு, தோழி போனது, பரீட்சையில் வெட்டிய சொல், எல்லாவற்றையும். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். சொல்லும்போது எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து நின்றுகொண்டேன்.

"எனக்கு கொமர்ஸ்தான் அக்கா புடிச்சிருக்கு" என்றாள், நான் முடித்த பிறகு.

அவளுடைய அம்மா திகைத்துவிட்டார். எனக்குச் சப்பென்று ஆனது. கணிதத்துக்கு ஏ எடுத்துவிட்டு ஏன் வர்த்தகம் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் குரல் பழைய அதிபரின் குரலைப் போலிருப்பது காதில் விழுந்தது.

"கணக்கு அங்கயும் இருக்குதானே" என்றாள். "நோர்வூட்டுக்குப் போயி விசாரிச்சிட்டுத்தான் வந்தேன். கணக்கீட்டுக்கு டீச்சர் இருக்காங்க. சொந்த ஊரே நோர்வூட்டாம். டிரான்ஸ்பர் கேக்க மாட்டாங்க."

அக்கா மகளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அடுப்படியில் அம்மா சிரித்தார். நான் அந்தப் பெண்ணிடம் இன்னும் ஏதாவது கேட்க நினைத்தேன், அதற்குள் அவள் பஸ் நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டாள். காலையில் முதல் பஸ்ஸில் இடம் கிடைக்குமா, மழை நாட்களில் அது எத்தனை மணிக்கு வரும், தோட்டத்து முச்சந்தியில் நிறுத்துவானா என்றெல்லாம். அவை எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.